ஐந்து அங்குலம் குறைத்த மேசை: ஏழாண்டு அனுபவம்

மதுரை மாவட்ட நீதிமன்றத்துக்கு அருகே இருபத்திரண்டு ஆண்டுகளாகத் தட்டச்சகம் நடத்தி வருகிறேன். மனு, எதிருரை, பிரமாணப் பத்திரம், கிரயப் பத்திர வரைவு என்று நாளொன்றுக்கு ஏழெட்டு மணி நேரம் விசைப்பலகை முன்னால்தான் கழிகிறது. 2018இல் வலது கையின் கட்டைவிரல், ஆட்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்துப்போகத் தொடங்கின; சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. மணிக்கட்டின் குறுகிய வழியில் செல்லும் நடு நரம்பு அழுத்தப்பட்டால் இப்படித்தான் இருக்கும், அந்த நரம்பு சுண்டுவிரலுக்குப் போவதில்லை என்று மருத்துவர் விளக்கினார். தூங்கும்போது அணிய மணிக்கட்டுப் பட்டை கொடுத்தவர், தட்டச்சு செய்கையில் மணிக்கட்டு மேல்நோக்கி மடங்குகிறதா என்று கவனிக்கவும் சொன்னார்.

நான் அதைக் கவனிக்காமல் நேராக நாற்காலி வாங்கப் போனேன். வலைத்துணி முதுகு, இடுப்புத் தாங்கி, உயர்த்தித் தாழ்த்தும் கைப்பிடி எல்லாம் உள்ள நாற்காலிக்குப் பதினான்காயிரம் ரூபாய் கொடுத்தேன். சித்திரை வெயிலில் ரெக்சின் இருக்கை முதுகோடு ஒட்டிக்கொள்ளும் தொல்லை அன்றோடு தீர்ந்தது உண்மை. விரல் மரத்துப்போவது தீரவில்லை. போதாததற்கு, கைப்பிடிகள் மேசை விளிம்பில் இடித்ததால் நாற்காலியை உள்ளே இழுக்க முடியாமல் எட்டி எட்டித் தட்டச்சு செய்து தோள்வலியும் சேர்ந்தது. மூன்றாம் மாதமே கைப்பிடிகளைக் கழற்றி வைத்துவிட்டேன்.

பிறகுதான் அளவு நாடாவை எடுத்தேன். பாதம் தரையில் முழுமையாகப் படியும்படி உட்கார்ந்து, மேற்கையை உடலோடு ஒட்டித் தொங்கவிட்டு, முழங்கையை மடக்கி, தரையிலிருந்து முழங்கையின் அடிப்பக்கம் வரை என் மகளை அளக்கச் சொன்னேன். என் உயரம் ஐந்தடி ஓரங்குலம். முழங்கை 24 அங்குலத்தில் நின்றது. மேசையின் உயரமோ 30 அங்குலம். அதன் மேல் விசைப்பலகையின் கனத்தையும் சேர்த்தால், பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக ஏறக்குறைய ஏழு அங்குலம் கையைத் தூக்கி வைத்துக்கொண்டும் மணிக்கட்டை மடக்கிக்கொண்டும் வேலை செய்திருக்கிறேன். பழைய தட்டச்சுப் பொறியில் விசைகளே மேசையிலிருந்து சில அங்குலம் உயரத்தில் இருக்கும் என்பதால் அதற்கென்று தாழ்ந்த மேசை செய்தார்கள். நான் பயின்ற தட்டச்சுப் பயிற்சி நிலையத்திலும் அப்படித்தான் இருந்தது. கணினி வந்தபோது அந்த மேசைகள் பழைய சாமான் கடைக்குப் போக, உட்கார்ந்து எழுதுவதற்கான மேசையின் மேல் விசைப்பலகை ஏறிவிட்டது.

முதலில் நாற்காலியை உயர்த்திப் பார்த்தேன். கால் தொங்கியதால் வீட்டிலிருந்த மணையைக் கொண்டுவந்து பாதத்துக்கு அடியில் போட்டேன். மணிக்கட்டுக்கு அது உடனே நல்லதாக இருந்தது. ஆனால் கட்சிக்காரர் வரும்போதெல்லாம் எழுந்து உட்கார வேண்டிய தொழிலில், மணையிலிருந்து இறங்குவதும் ஏறுவதும் ஒத்துவரவில்லை. நான்கு மாதம் பொறுத்துவிட்டு ஆசாரியை அழைத்தேன். அவர் நான்கு கால்களிலும் பென்சிலால் கோடு போட்டுவிட்டு, "அக்கா, வெட்டுனா வெட்டுனதுதான், அப்புறம் ஒட்டவைக்க முடியாது, நல்லா யோசிச்சுக்கங்க" என்றார். தொடை இடிக்காமலிருக்க இழுப்பறையை எடுத்துவிட்டு, ஐந்து அங்குலம் வெட்டச் சொன்னேன். கூலி முந்நூறு ரூபாய். நாற்காலியை அரை அங்குலம் மட்டும் ஏற்றிக்கொண்டு, விசைப்பலகையின் பின்புறக் கால்களையும் மடக்கிவிட்டேன். அந்தக் கால்கள் பலகையைச் சாய்த்து மணிக்கட்டை இன்னும் மடக்கத்தான் செய்கின்றன. இரண்டு மாதத்தில் இரவு மரத்துப்போவது பெருமளவு குறைந்தது. ஓராண்டில் பட்டையை விட்டுவிட்டேன்.

இதே காலத்தில்தான் பழைய தட்டச்சு முறையிலிருந்து தமிழ்99 என்ற விசைப்பலகை அமைப்புக்கு மாறினேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டை ஒட்டி உருவான இந்த அமைப்பில் உயிரெழுத்துகள் இடக்கையிலும், மெய்யெழுத்துகளில் வகரமும் ஙகரமும் தவிர மற்றவை வலக்கையிலும் உள்ளன. 'மதுரை' என்று அடிக்க ம, த, உ, ர, ஐ என ஐந்து தட்டுகள் போதும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முன்னதற்குப் புள்ளி தானாக விழுகிறது; ந, த என்று அடுத்தடுத்து அடித்தாலே 'ந்த' வந்துவிடுகிறது. ஷிப்ட் விசையைத் தேடுவது மிகவும் குறைந்ததை விரல்கள் முதல் வாரத்திலேயே உணர்ந்தன. பழைய வேகத்தை எட்ட மட்டும் மூன்று மாதம் ஆயிற்று. இதிலும் ஒரு குறை உண்டு. மெய்கள் வலக்கையில் குவிந்ததால் ச, ஞ, ந, ய, ழ எல்லாம் வலது சுண்டுவிரலின் பொறுப்பில் வருகின்றன. எண்டரும் பிழை அழிக்கும் விசையும் அதே விரலுக்கே. நாள் முழுக்கப் பத்திரம் அடித்த மாலைகளில் அந்த விரலின் அடிக்கணு வலிக்கிறது. அதற்கு இன்னும் வழி தெரியவில்லை. எண் பகுதி இல்லாத குட்டை விசைப்பலகை வாங்கியதில் மவுஸ் கைக்கு அருகில் வந்து தோள்வலி தீர்ந்தது.

திரை விஷயத்தில் பொது அறிவுரை எனக்குக் கெடுதலாயிற்று. திரையின் மேல் விளிம்பு கண்மட்டத்துக்கு வரவேண்டும் என்று கேள்விப்பட்டு, சட்டப் புத்தகங்கள் இரண்டை அடுக்கி உயர்த்தி வைத்தேன். நான் அணிவது பைஃபோகல் கண்ணாடி. அதன் கீழ்ப்பகுதி வழியாகத் திரையைப் படிக்கத் தலையைப் பின்னால் சாய்க்க வேண்டியிருந்ததால், பத்து நாளில் பிடரி பிடித்துக்கொண்டது. புத்தகங்களை எடுத்துவிட்டுத் திரையை முன்பிருந்ததைவிடவும் தாழ்த்தி, சற்றே மேல்நோக்கிச் சாய்த்த பிறகு வலி விட்டது. கண் எரிச்சலுக்குக் காரணம் வேறு. திரையைப் பார்க்கும்போது இமைப்பது குறைந்துவிடும். அதோடு மின்விசிறிக் காற்றும் நேராக முகத்தில் பட்டது. மேசையை மூன்றடி தள்ளிப் போட்டதோடு அது சரியாயிற்று. மேற்கு வாசல் வெயிலுக்குத் தட்டி போட்டிருக்கிறேன்.

என் உதவியாளர் தம்பி ஐந்தடி ஒன்பது அங்குலம். நான் இல்லாத நாளில் என் மேசையில் உட்கார்ந்துவிட்டு, மாலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அவரையும் அளந்தோம், முழங்கை 28 அங்குலத்தில் இருந்தது. அந்த 28ஐயும் என்னுடைய 24ஐயும் தாளில் குறித்து, வரும் ஆவணி மாதம் இரண்டு மேசைகளைத் தனித்தனி உயரத்தில் செய்து தரும்படி ஆசாரியிடம் முன்பணம் கொடுத்திருக்கிறேன்.