முதல் ட்ரோன்: டாய் ட்ரோனா, ஜிபிஎஸ் ட்ரோனா?

ஓட்ட ஈஸினா ஜிபிஎஸ் ட்ரோன்தான், ரிமோட்ல இருக்குற ஸ்டிக்க விட்டா அந்தரத்துல அப்படியே நிக்கும், டாய் ட்ரோன் லேசா காத்தடிச்சாலே அது பாட்டுக்கு போயிட்டே இருக்கும், நாமதான் இழுத்துப் பிடிக்கணும். ஆனா கை பழகுறது அதுலதான்! ட்ரோனோட மூக்கு நம்ம பக்கம் திரும்பினா இடம் வலமாயிடும்ல, அந்தக் குழப்பம் தீர்ற வரைக்கும் நாலு தடவ சுவத்துல மோதினாலும் பெருசா நஷ்டமில்ல (இறக்கையச் சுத்தி இருக்குற பாதுகாப்பு வளையத்த மட்டும் கழட்டிடாதீங்க). அதனால என் ஓட்டு மொதல்ல டாய்க்குத்தான்.

ஜிபிஎஸ்ல ரிட்டர்ன் டு ஹோம் (ட்ரோன் தானாவே கிளம்புன இடத்துக்குத் திரும்பி வர்ற வசதி) இருக்கேன்னு கண்ண மூடிட்டு நம்பாதீங்க. போதுமான சாட்டிலைட் கிடைச்சு ஹோம் பாயிண்ட், அதாவது திரும்பி வர வேண்டிய இடம், பதிவான பிறகுதான் கிளப்பணும், திரும்பி வர்ற உயரத்த சுத்தி இருக்குற மரத்த விட கூடுதலா வைக்கணும், இல்லாட்டி நேரா வந்து கிளையில சொருகிக்கும். பேட்டரி 30% ஆனாலே திருப்பிடுங்க, எதிர்காத்து இருந்தா வர்றதுக்கு இன்னும் சார்ஜ் குடிக்கும்.