பட்டையா, பாராபாலிக்கா, காயிலா? பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு எந்த ஸ்பிரிங்?

பட்டை ஸ்பிரிங் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எஃகுப் பட்டைகள்) உள்ள பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியை வாங்கிய யாரும் முதல் நீண்ட பயணம் முடிந்ததும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இதைக் காயிலுக்கு, அதாவது சுருள் ஸ்பிரிங்குக்கு, மாற்றிவிடலாமா?" எனக்கு இதில் தீர்மானமான கருத்து இருக்கிறது. பட்டையோடு பிறந்த வண்டியைப் பட்டையிலேயே ஓட்டுவதுதான் சரி. ஆனால் அந்தப் பட்டையை ஒருமுறையாவது முழுமையாகக் கழற்றிச் சீர்செய்த பிறகே அதன்மீது தீர்ப்புச் சொல்ல வேண்டும். இருபது, முப்பது வருடத் துருவோடு இறுகிக் கிடக்கும் ஒரு பட்டைக் கட்டைப் புத்தம்புதுக் காயிலோடு ஒப்பிடுவது நியாயமே இல்லை.

தயாரிப்பாளர்கள் எல்லோரும் ஒரே நாளில் காயிலுக்குத் தாவிவிடவில்லை. ரேஞ்ச் ரோவர் 1970-இலேயே நான்கு மூலையிலும் காயிலோடு வந்தது. அதே நிறுவனத்தின் உழைப்பாளி வண்டியான லேண்ட் ரோவருக்குக் காயில் கிடைக்க 1983-இன் ஒன் டென் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மெர்சிடிஸ் ஜி வண்டி 1979-இல் பிறக்கும்போதே காயில். ஜீப் ராங்லரின் முதல் தலைமுறை முழுக்கப் பட்டைதான். அடுத்த தலைமுறைதான் மாறியது. டொயோட்டா லேண்ட் குரூசரின் கனரக 70 வரிசையோ 1999-இல் முன்பக்கத்தை மட்டும் காயிலாக்கிவிட்டு, பாரம் ஏறும் பின்பக்கத்தில் பட்டையையே வைத்துக்கொண்டது. அங்கே அவர்கள் பழமையைக் கட்டிக்கொண்டு அழவில்லை. பாரத்தைச் சேசிஸின் (வண்டியின் அடிச்சட்டத்தின்) இரண்டு புள்ளிகளில் பிரித்துக் கொடுக்கும் வேலையைப் பட்டை அவ்வளவு எளிதாகச் செய்கிறது.

இரண்டுக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு சொகுசு அல்ல, பொறுப்பு. காயில் ஸ்பிரிங் எடையைத் தாங்கும், அவ்வளவுதான். சக்கரங்களை இணைக்கும் அச்சு முன்னே பின்னே நகராமல், பக்கவாட்டில் ஒதுங்காமல், தன்மேல் சுழலாமல் பிடித்துவைக்க அதற்குத் தனியாகக் கைகளும் தண்டுகளும் வேண்டும். பட்டையோ எடையையும் தாங்கி, அச்சையும் தன் இடத்தில் பிடித்து, பட்டைக்குப் பட்டை உரசுவதால் ஆட்டத்தையும் ஓரளவு அடக்குகிறது. மூன்று வேலைகளை ஒரே பொருள் செய்கிறது. அதை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுபவர், அந்த மூன்றையும் யார் செய்யப்போகிறார்கள் என்று முதலில் எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

இருக்கும் பட்டையைச் சீர்செய்வது

என்னுடையது ஒரு சுசுகி எஸ்ஜே413. வாங்கிய புதிதில் சாலையில் கிடக்கும் சிறு கல்கூட இருக்கை வழியாக முதுகுக்கு வந்து சேர்ந்தது. பட்டை இயல்பே இதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பின்பக்கப் பட்டைக் கட்டைக் கழற்றித் தரையில் போட்டேன். பட்டைகளைப் பெரிய கிளாம்பில் இறுக்கிப் பிடித்த பிறகே, அவற்றை நடுவில் கோத்திருக்கும் சென்டர் போல்ட்டைத் தளர்த்த வேண்டும். இல்லாவிட்டால் அவை தெறித்துக் கையைப் பதம் பார்த்துவிடும். கிளாம்பைத் தளர்த்தியும் பட்டைகள் பிரியவில்லை. நடுவே துரு அடை அடையாக ஒட்டிக்கொண்டு, அத்தனையும் ஒரே இரும்புப் பாளம்போல் கிடந்தன. பிரித்துத் தேய்த்தபோதுதான் இன்னொன்று தெரிந்தது. கீழ்ப் பட்டையின் கூரான நுனி, மேல் பட்டையின் அடிப்பரப்பில் ஒரு பள்ளத்தையே செதுக்கி வைத்திருந்தது. நகத்தை ஓட்டினால் தட்டுப்பட்டது. விரிசல் தொடங்குவது இப்படிப்பட்ட இடத்தில்தான்.

நுனிகளை வளைவாக அரத்தால் தேய்த்து, துருவை முழுக்க நீக்கி, கிராஃபைட் கலந்த பூச்சு கொடுத்து மீண்டும் கட்டினேன். சாதாரண கிரீஸை அள்ளிப் பூசலாமே என்று தோன்றும். அது தூசியையும் மணலையும் இழுத்து வைத்துக்கொண்டு உப்புத்தாள்போல் அரைக்கத் தொடங்கும். தவிர, பட்டையின் முனைகளில் போல்ட்டைச் சுற்றியிருக்கும் ரப்பர் புஷ்ஷில் பட்டால் அதையும் ஊறவைத்துக் கெடுக்கும். பட்டையை அச்சோடு பிணைக்கும் யு போல்ட்களைக் கழற்றினால் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை இழுபட்ட மரை அதே இறுக்கத்தை மறுபடி தராது. புதியதைப் போட்டு, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் இன்னொரு முறை இறுக்கத்தைச் சரிபார்க்க வேண்டும்.

ரப்பர் புஷ் போடும்போது நடக்கும் ஒரு தவறை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அதற்கு நான் இரண்டு முறை கூலி கொடுத்தேன். ஒரு பட்டறையில் வண்டி லிஃப்டில் தொங்கும்போதே, பட்டையின் ஒரு முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிளின் போல்ட்களை முழுதாக இறுக்கிவிட்டார்கள். வண்டி தரையில் இறங்கியதும் பட்டை தட்டையாகிறது, புஷ் அந்த நிலையிலேயே முறுக்கிக்கொள்கிறது. நின்றாலும் முறுக்கு, ஓடினாலும் முறுக்கு. வருடம் திரும்புவதற்குள் ரப்பர் கிழிந்தது. வண்டி தன் எடையில் சக்கரத்தில் நிற்கும்போதுதான் கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். காயில் வண்டிகளின் கைகளில் உள்ள ரப்பர் புஷ்ஷுக்கும் இதே விதிதான்.

இவ்வளவும் முடிந்து ஓட்டியபோது வண்டி மாறிப்போயிருந்தது. மிருதுவாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் சிறிய மேடுபள்ளங்களைச் சக்கரமே விழுங்கிக்கொண்டது. நான் கொடுத்த பெரிய விலை இரண்டு நாள் உழைப்பு.

பாராபாலிக்

இது பட்டையின் தம்பி. ஐந்தாறு மெல்லிய பட்டைகளுக்குப் பதிலாக இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றும் நடுவில் தடித்து நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும். நடுவிலும் முனையிலும் தவிர ஒன்றையொன்று தொடாது. உரசல் போய்விடுவதால் அச்சு தாராளமாக மேலும் கீழும் போகிறது. கரடுமுரடான பாதையில் ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினாலும் தரையை விடாமல் பிடித்துக்கொள்கிறது. வெல்டிங் வேண்டாம், அறுக்க வேண்டாம், பழைய கட்டு இருந்த இடத்திலேயே உட்காரும். நாளை மனம் மாறினால் பழையதையே திரும்பப் போடலாம். இந்த ஒரு குணத்துக்காகவே இதற்கு நான் கூடுதல் மதிப்பெண் கொடுப்பேன்.

ஆனால் உரசல் போனதென்றால் ஆட்டத்தை அடக்கும் வேலையும் போய்விட்டது என்று பொருள். முழுச் சுமையும் ஷாக் அப்சார்பர் தலையில் விழுகிறது. தளர்ந்துபோன பழைய ஷாக்கோடு பாராபாலிக்கைப் போட்டுவிட்டு "படகுபோல் ஆடுகிறது" என்று திட்டுபவர்கள் ஸ்பிரிங்கைத் தவறாகத் திட்டுகிறார்கள். எப்போதும் பாரம் ஏற்றும் வண்டிக்கு இதைப் பின்பக்கம் பரிந்துரைக்க எனக்கு மனம் வரவில்லை. இருப்பதே இரண்டு பட்டை என்றால், ஒன்று உடையும்போது பாதித் தாங்குதிறன் போய்விடுகிறது. வாங்குவதாக இருந்தால், இரண்டாம் பட்டையின் முனை முதல் பட்டையின் கண்ணை (போல்ட் நுழையும் முனை வளையத்தை) சுற்றி வளைந்திருக்கும் வகையாகப் பார்த்து வாங்குங்கள். மெயின் பட்டை கண்ணருகே உடைந்தாலும் அச்சு கழன்று ஓடாது.

காயிலுக்கு மாற்றுவது

நன்றாகச் செய்த மாற்றம் அற்புதமானது, மறுக்கவில்லை. நண்பர் ஒருவரின் மாற்றிய ஜீப்பில் பாறைகள் நிறைந்த ஆற்றுப்படுகையைக் கடந்தபோது, உடல்பகுதி ஏறக்குறைய மட்டமாக இருக்க, கீழே அச்சுகள் இரண்டும் எதிரெதிராகச் சாய்ந்துகொண்டே போனதைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

அந்த நிலைக்கு வர அவர் அதை இரண்டு முறை கட்ட வேண்டியிருந்தது. முதல் முறை செய்தவர், அச்சைப் பக்கவாட்டில் பிடிக்கும் பேன்ஹார்ட் தண்டை இடம் கிடைத்த கோணத்தில் வைத்துவிட்டார். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து சக்கரத்துக்குப் போகும் தண்டும் இந்தப் பேன்ஹார்ட் தண்டும் ஒன்றுக்கொன்று இணையாக, ஏறக்குறைய ஒரே நீளத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி தானாகத் திரும்பும். நேரான சாலையில் அவர் ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

உயரம் கூடினால் காஸ்டர் கோணம் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) குறைகிறது. திருப்பிய பின் ஸ்டீயரிங் தானாக நேராவதில்லை. அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் கோணம் கூடி அதிர்கிறது. பிரேக் குழாய் எட்டாமல் இழுபடுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, புதிய தாங்கிகளை வெல்டிங் செய்யப்போவது முப்பது வருடச் சேசிஸில். வெளியே பெயின்ட் பளபளக்கும். உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, ஓசை மந்தமாகக் கேட்கும் இடத்தில் வெல்டிங்கைப் பற்றிப் பேசவே கூடாது. பல நாடுகளில் இப்படிப்பட்ட மாற்றத்துக்கு முறையான பொறியியல் சான்றும் அனுமதியும் வேண்டும். அதில்லாமல் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிட்டுவிடலாம்.

இத்தனை வேலைக்குத் தயாராக இருப்பவர், காயிலோடு பிறந்த பழைய வண்டி ஒன்றையே தேடலாம் என்பது என் எண்ணம். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரோ டொயோட்டாவின் 80 வரிசை லேண்ட் குரூசரோ தளர்ந்திருந்தால், பெரும்பாலும் கைகளின் புஷ்களை மொத்தமாக மாற்றியதுமே பாதி இளமை திரும்பிவிடுகிறது.

நடுவழியில் உடைந்தால்? பட்டைக் கட்டில் நடுப் பட்டை ஒன்று உடைந்தால் மெதுவாக வீடு வந்து சேரலாம். சென்டர் போல்ட் முறிந்தால் அச்சு பின்னே நழுவும். ஆனால் அந்தச் சின்ன போல்ட்டைக் கருவிப் பெட்டியில் எப்போதும் வைத்திருக்கலாம். காயிலின் கடைசிச் சுற்று உடைந்தால் வண்டி கொஞ்சம் தாழும், பெரும்பாலும் ஓடும். வெல்டிங் செய்த தாங்கி பிய்ந்துபோனால் கயிறு கட்டி இழுப்பதுதான் வழி.

என் வண்டியில் பின்பக்கம் சீர்செய்த பழைய பட்டையே தொடரும், அங்கேதான் தண்ணீரும் கூடாரமும் ஏறுகின்றன. முன்பக்கத்துக்கு மட்டும் பாராபாலிக் போட்டுப் பார்க்கும் ஆசை இருக்கிறது. அதற்கு முன் புதிய ஷாக்குகளை மாட்டி ஒரு மழைக்காலம் ஓட்டப்போகிறேன். குறை ஸ்பிரிங்கிலா ஷாக்கிலா என்பது அப்போது தெரிந்துவிடும்.