கைவேலை செய்கிறவர்களுக்கு இந்தப் போன் வேண்டாம்

நான் வைத்திருக்கும் போனின் விலை போன வாரம் நாலாயிரம் ரூபாய் இறங்கியது. அதைப் பார்த்துவிட்டு என் சித்தப்பா மகள் கேட்கிறாள்: "அக்கா, உங்க போன் நல்லாத்தானே ஓடுது, நானும் அதையே எடுக்கட்டுமா?" அவள் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறையில் வேலை பார்க்கிறாள். அவளுக்குச் சொல்ல வேண்டியதை எல்லாருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

நான் காரைக்குடியில் வீட்டிலேயே பலகாரம் போட்டு விற்கிறேன். தேன்குழல், சீப்புச் சீடை, மாவுருண்டை, மணகோலம், அதிரசம். ஆர்டர் எல்லாம் வாட்ஸாப்பில்தான் வரும், பணமும் போனில்தான் வரும். போன தீபாவளிக்கு முந்தின தீபாவளி சமயத்தில் இதை வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். திரைக்குள்ளேயே கைரேகை பார்க்கிற இருபதாயிரத்துக்கு உட்பட்ட போன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். பேட்டரி காலையிலிருந்து ராத்திரி வரை நிற்கிறது. அடுப்புச் சத்தத்திலும் பணம் வந்த அறிவிப்பு தெளிவாகக் கேட்கும் அளவுக்கு ஸ்பீக்கர் இருக்கிறது. தட்டில் அடுக்கிய அதிரசத்தைப் படம் எடுத்தால் நிறம் அப்படியே விழுகிறது. இதுவரை எதற்காகவும் சர்வீஸ் கடைக்குப் போகவில்லை. இதில் ஒரு குறையும் கிடையாது.

கைரேகைக்கு வருவோம். மாவு பிசைந்து, குழல் அழுத்தி, எண்ணெய்ச் சட்டியைச் சாம்பலும் நாரும் போட்டுத் தேய்க்கிற கை என்னுடையது. கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் வரிகள் மழுங்கிப்போயிருக்கின்றன. ரேஷன் கடையிலும் எனக்கு ரேகை விழாது. ஆனால் அங்கே அதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். கருவிழியைப் பதிந்து பொருளைக் கொடுத்துவிடுகிறார்கள். ஆதார் எடுக்கும்போதே பத்து விரலோடு இரண்டு கண்ணையும் சேர்த்துப் பதிந்ததால் அது நடக்கிறது. போனில் அப்படி எதுவும் இல்லை. விரலை வைக்கிறேன், அதிர்கிறது. துடைத்துவிட்டு வைக்கிறேன், மறுபடி அதிர்கிறது. ஐந்து தடவை தப்பினால் அரை நிமிஷம் காத்திரு என்கிறது. சட்டியில் தேன்குழல் சிவந்துகொண்டிருக்கும்போது அரை நிமிஷம் என்பது ஒரு ஈடு கருகிப்போகிற நேரம்.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தேன். திரைக்கு அடியில் ஒரு குட்டி கேமரா மாதிரி ஒன்று இருக்கிறது. விரல் வைக்கும் இடத்தில் திரை பளிச்சென்று எரிந்து, அந்த வெளிச்சத்தில் விரலைப் படம் பிடிக்கிறது. வரியின் மேடும் பள்ளமும் பிரிந்து தெரிந்தால்தான் அதற்கு ஆள் தெரியும். மேடு தேய்ந்திருந்தாலோ தோல் வறண்டு வெடித்திருந்தாலோ படத்தில் ஒன்றும் பதியாது. அதற்கு மேல் தடித்த டெம்பர் கிளாஸ் வேறு ஒட்டியிருந்தால் இன்னும் மோசம். பக்கவாட்டுப் பட்டனில் ரேகை பார்க்கிற போன்கள் வேறு விதம். அவை மின்னூட்டத்தின் ஏற்ற இறக்கத்தை அளக்கின்றன. விரல் ஈரமாக இருந்தால் பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து அவையும் குழம்பும். ஆனாலும் என் கைக்கு அந்த வகைதான் ஒத்துவருகிறது. என் வீட்டுக்காரருடைய பழைய போனில் என் விரல் பெரும்பாலும் விழுந்துவிடும். 2019இல் சாம்சங் எஸ்10 வந்தபோது ஒலி அலையால் ரேகை பார்க்கிற முறையைக் கொண்டுவந்தார்கள். ஈரக் கைக்கு அது மேல் என்கிறார்கள், ஆனால் அது இருக்கிற போன்களின் விலை நமக்கு எட்டாது.

இதில் என் வயிற்றெரிச்சல் ஒன்று உண்டு. ஆடியில் ஆர்டர் குறைவு. கை கொஞ்சம் ஆறி, தேய்ந்த வரி திரும்ப எழும்பும். அப்போது போன் தொட்டவுடன் திறக்கும். ஐப்பசி பிறந்து தீபாவளி வேலை சூடுபிடித்தால் வரி மறுபடி போய்விடும். அதாவது போன் எனக்கு எப்போது கட்டாயம் வேண்டுமோ, நிமிஷத்துக்கு ஒரு ஆள் "அக்கா ரெண்டு கிலோ" என்று கேட்கிற அந்த நேரம் பார்த்துத்தான் அது என்னை யார் என்று கேட்கிறது. இந்தப் போன்களைச் சோதித்துப் பார்த்து வீடியோ போடுகிறவர்களின் விரல்களைப் பாருங்கள். எல்லாம் வழவழவென்று இருக்கின்றன. ஒரு கொத்தனாரின் விரலை, ஒரு பாத்திரம் தேய்க்கிற அம்மாவின் விரலை யாராவது வைத்துக் காட்டினார்களா?

ஓரளவு உதவியவற்றைச் சொல்கிறேன். பழைய பதிவை அழித்துவிட்டு, வேலை நடக்கிற சீசனிலேயே, வேலை செய்த கையோடு புதிதாகப் பதியுங்கள். ஒரே விரலை இரண்டு தடவை தனித்தனியாகப் பதியலாம். பெரும்பாலான போன்களில் ஐந்து பதிவு வரைக்கும் இடம் உண்டு. வலது கைக்காரர்களுக்கு இடது மோதிர விரல் தேயாமல் இருக்கும். கட்டைவிரலின் நடுப்பகுதியை விட ஓரம் நன்றாக விழும். விரல் வறண்டிருந்தால் வாயால் ஊதிவிட்டு வையுங்கள். பின் நம்பரையும் மறந்துவிடாதீர்கள், எவ்வளவு நல்ல ரேகை இருந்தாலும் மூன்று நாளைக்கு ஒருமுறையாவது ஆண்ட்ராய்டு அதைக் கேட்கும். முகம் பார்த்துத் திறக்கிற வசதி போனைத் திறக்க மட்டும்தான் எனக்குப் பயன்பட்டது, பேங்க் ஆப் அதை ஏற்கவில்லை. இவ்வளவும் செய்தும் சீசனில் பாதி நேரம் பின் நம்பர்தான் அடிக்கிறேன்.

சரி, நான் ஏன் இன்னும் இதை மாற்றவில்லை? பேசினால் தமிழில் எழுதித் தருகிறதே, அதனால்தான். கூகுள் 2017இல் தமிழுக்கு அதைக் கொண்டுவந்தது. எனக்குத் தெரிய வந்தது இந்தப் போனில்தான். மாவுக் கையோடு இருக்கும்போது பக்கத்தில் நிற்கிற மகள் மைக் படத்தைத் தொட்டுவிட்டால் போதும். "சீப்புச் சீடை ஒன்றரைக் கிலோ, மாவுருண்டை அரைக் கிலோ, வியாழக்கிழமை பார்சல்" என்று சொன்னால் அப்படியே வரியாக வந்து நிற்கிறது. தேன்குழலைத் தப்பாமல் எழுதுகிறது. மணகோலத்தை மட்டும் மனக்கோலம் ஆக்கிவிடும், அதைக் கையால் திருத்துவேன். முன்பெல்லாம் சிங்கப்பூரிலிருந்து கேட்கிறவர்களுக்குக் குரல் பதிவு அனுப்புவேன். அவர்கள் அலுவலகத்தில் இருந்தால் கேட்க முடியாமல் ராத்திரிதான் பதில் வரும். இப்போது எழுத்தாகப் போகிறது, உடனே பதில் வருகிறது, எந்த ஆர்டர் யாருடையது என்று பிறகு தேடவும் முடிகிறது. எட்டாவதோடு நின்றுபோன எனக்கு, ஒரு பிழையில்லாத தமிழ் வரி என் பெயரில் போகிறது என்பது பெரிய சந்தோஷம். அதை நினைத்தால் இந்தப் போன் மேல் இருக்கிற கோபம் பாதி இறங்கிவிடும்.

ஆனால் தங்கச்சி, அந்தச் சந்தோஷம் இந்தப் போனுடையது இல்லை. கூகுள் கீபோர்டு எந்த ஆண்ட்ராய்டு போனிலும் வரும். உன் இப்போதைய போனிலேயே வரும், இன்றைக்கே போட்டுப் பார். இந்தப் போனுக்கு மட்டுமே சொந்தமானது அந்த ரேகைப் பிரச்சினைதான். நீ நாள் முழுக்க வண்ண சிமெண்டை அச்சுக்குள் ஊற்றி, மணலும் சிமெண்டும் தூவி, கல்லைத் தண்ணீர்த் தொட்டியில் இறக்குகிற பெண். என் விரலைவிட உன் விரல் தேய்ந்திருக்கும். பேட்டரி நல்லது, கேமரா நல்லது, விலையும் இறங்கியிருக்கிறது. இருந்தாலும் வாங்காதே.

பக்கவாட்டுப் பட்டனில் ரேகை இருக்கிற போனாகப் பார். சனிக்கிழமை வேலை முடிந்து, கையில் எண்ணெய் எதுவும் தடவாமல், அப்படியே பஸ் ஏறி வா. செக்காலை ரோட்டில் கடைகள் ராத்திரி வரை திறந்திருக்கும். காட்சிக்கு வைத்திருக்கிற போனில் உன் விரலைப் பதிந்து, பத்துத் தடவை திறந்து காட்டச் சொல்வோம். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடைக்குப் போவோம், நான் கூட வருகிறேன்.