ட்யூனிங் பின் உயரம்: 5 மி.மீ. பித்தளைத் துண்டோடு சில வருடங்கள்

பியானோவுக்குப் புதுக் கம்பி கட்டும்போது ட்யூனிங் பின்னை (கம்பியைச் சுற்றித் திருகி ஸ்ருதி சேர்க்கும், மரத்தில் இறுக்கமாக நிற்கும் எஃகு முளை) எவ்வளவு ஆழம் அடிப்பது என்பதற்கு நான் வெகுகாலமாக நம்பியிருப்பது 5 மி.மீ. தடிமனுள்ள ஒரு பித்தளைத் துண்டை. பின்னில் சுற்றிய கம்பிச் சுருளின் அடிக்கும் இரும்புப் பிளேட்டுக்கும் (கம்பிகளின் இழுவையைத் தாங்கும் வார்ப்புச் சட்டம்) நடுவே அது லேசாக நுழைந்து வந்தால் சரி. பின்னின் தலையை வைத்து அளப்பதை விட்டுவிட்டேன். தலைகள் ஒரே மட்டத்தில் நிற்பது பார்க்க அழகுதான். ஆனால் கம்பி புறப்படுவது சுருளிலிருந்து. சுருள் மேலும் கீழுமாக இருந்தால் கம்பி அடுத்துப் படியும் தாங்கியில் அது மடியும் கோணம் மாறும், உரசல் மாறும், ஸ்ருதி சேர்க்கும்போது ஒவ்வொரு கம்பியும் கைக்கு ஒவ்வொரு மாதிரி இருக்கும்.

பின் ரொம்ப நீட்டிக்கொண்டிருந்தால், லீவரை (பின்னைத் திருகும் கைப்பிடி) திருப்பும்போது மரத்துக்குள் சுழல்வதற்கு முன் அந்தப் பின்தான் வளைந்து கொடுக்கிறது. கையை எடுத்ததும் நிமிரும், ஸ்ருதி நழுவும். ரொம்ப இறக்கினால் சுருள் பிளேட்டில் உரசும். அதைவிட முக்கியம், பின்னாளில் பின் தளர்ந்தால் ஒன்றிரண்டு மி.மீ. உள்ளே தட்டி இறுக்க இடம் இருக்காது. நான் கம்பி கட்டிய ஒரு கிராண்ட் (கம்பிகள் படுக்கைவாக்கில் இருக்கும் பியானோ), நாள் முழுக்க ஏசி ஓடும் அறையில் இருக்கிறது. அங்கே மரம் காய்ந்து சில பின்கள் தளர்ந்தபோது இந்த இடைவெளிதான் கைகொடுத்தது. இல்லாவிட்டால் 2/0 அளவுப் பின்னைக் கழற்றி, அடுத்த பெரிய அளவான 3/0 போட வேண்டியிருந்திருக்கும். விட்டத்தில் 0.282 அங்குலத்துக்கும் 0.286 அங்குலத்துக்கும் உள்ள வித்தியாசம்தான், ஆனால் வேலை இரட்டிப்பு.

அடிக்கும்போதே கடைசி அளவுக்குப் போவதில்லை. இரண்டரைச் சுற்று சுற்றி, கொஞ்சம் உயரமாக நிறுத்துவேன். கம்பியை இழுக்கும்போது அது மூன்று சுற்றாகும். பின்னில் நுண்ணிய மரை இருப்பதால் திருகத் திருகத் தானாகவும் சற்று இறங்கும். சுருளை நெருக்கி, கம்பி நுனி துளையில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்த பிறகே கடைசித் தட்டு. கிராண்டில் பின்பிளாக்குக்கு (பின்கள் இறங்கும் மரப்பலகை) அடியில் ஜாக்கி முட்டுக் கொடுக்காமல் சுத்தியலை எடுக்கவே கூடாது.

பித்தளையின் குறை, பிளேட்டின் பொன்னிறப் பூச்சைக் கீறும். விளிம்பை உருட்டித் தேய்த்தால் போதும். மரத்துண்டு கீறாது, ஆனால் நசுங்கி அளவு மாறிவிடுகிறது. மேல்ஸ்தாயியில் பின்கள் நெருக்கம் என்பதால் துண்டு குறுகலாக வேண்டும். வார்ப்பு மேடுபள்ளமாக உள்ள பிளேட்டுகளில் துண்டை ஒதுக்கிவிட்டுப் பக்கத்துச் சுருளைப் பார்த்து மட்டம் சேர்ப்பதே மேல். அப்புறம், பின் துளை அடிவரை ஊடுருவாத பியானோ என்றால் ஆழத்தை முதலிலேயே அளந்துவிடுங்கள். பின் அடியில் போய் முட்டிவிட்டால் எந்த அளவுகோலும் உதவாது.