ஏழு வருடமாக உடுத்தும் கோட் சூட்: கிளிநொச்சியில் அளவெடுத்த அனுபவம்

கிளிநொச்சியில் நான் தைப்பித்த கோட் சூட்டுக்கு இந்த ஆவணியோடு ஏழு வருடம். கல்யாண வரவேற்புக்கென்று தைத்தது. அதற்குப் பிறகு வவுனியா, முல்லைத்தீவு, புதுக்குடியிருப்பு என்று சொந்தத்துக்குள் நடந்த கல்யாணங்கள், பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாக்கள் எல்லாமாக இருபது தடவைக்கு மேல் உடுத்திவிட்டேன். இன்றைக்கும் தோளில் ஒரு சுருக்கம் விழவில்லை. துணி நடுத்தர விலைதான். அளவெடுத்த விதம்தான் இவ்வளவு காலமும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

இதற்கு முன்னர் வேறோர் ஊரில் அவசரமாக ஒரு கோட் தைப்பித்தேன். செருப்போடு போய் நின்றேன். காற்சட்டைப் பொக்கற்றில் கைபேசியும் பேர்சும் இருந்தன. மூன்று நிமிடத்தில் அளவு முடிந்தது. கல்யாணத்தன்று சப்பாத்துப் போட்டால், காற்சட்டை மேலேறி காலுறை முழுக்கத் தெரிகிறது. அதையாவது மடிப்பைப் பிரித்து இறக்கிக்கொள்ளலாம். தோளை என்ன செய்வது? என் தோள் எலும்பைத் தாண்டி ஒரு விரலளவு வெளியே நின்றது. அதற்குக் கீழே கையில் ஒரு பள்ளம். திருத்தக் கொண்டுபோன இடத்தில், கையைக் கழற்றி உள்ளே வைத்த திண்டையும் பிரித்துத்தான் வேலை செய்யவேண்டும், அந்தச் செலவுக்குப் புதிதாகவே தைக்கலாம் என்றார்கள். இடுப்பு, கை நீளம், காற்சட்டை நீளம் எல்லாம் பிறகு சரிபண்ணக்கூடியவை. தோள் அப்படி இல்லை. அந்தக் கோட்டை இரண்டு தடவைதான் உடுத்தினேன்.

கிளிநொச்சித் தையல்கார ஐயாவிடம் போனபோது, கல்யாணத்துக்குப் போடப்போகிற சேர்ட்டோடும் சப்பாத்தோடும் வரச் சொன்னார். பொக்கற்றை வெறுமையாக்கச் சொன்னார். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். “தம்பி, விறைச்சு நிக்காதேங்கோ. வகுப்பில பிள்ளையளோட கதைக்கேக்க எப்பிடி நிப்பீங்களோ, அப்பிடி நில்லுங்கோ” என்றார். நாடாவை எடுக்காமல் பின்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் பார்த்தார். வலது தோள் சற்று இறங்கியிருக்கிறது என்றார். சின்ன வயதிலிருந்தே வலது தோளில் பை கொழுவி நடந்தவன் நான். அதுவரைக்கும் ஒருவரும் அதைச் சொன்னதில்லை. அந்தப் பக்கத்துத் திண்டைக் கொஞ்சம் தடிப்பாக வைத்தார். இரண்டு கையையும் தனித்தனியாக அளந்தார். அரை அங்குலம் வித்தியாசம் இருந்தது.

நெஞ்சுச் சுற்றளவைக் கமக்கட்டுக்குக் கீழே, நாடா முதுகில் சரியாமல், சாதாரணமாக மூச்சுவிட்டபடி எடுத்தார்: 38 அங்குலம். கோட்டை 42இல் வெட்டினார். சேர்ட்டுக்கு மேலே போட்டுக் கையை முன்னுக்கு நீட்ட அந்த 4 அங்குலம் வேண்டும். தோளின் அகலத்தை எலும்பு முடிகிற இடத்திலிருந்து மற்ற எலும்பு வரைக்கும் முதுகுப்பக்கமாக அளந்தார். கை நீளத்துக்கு முழங்கையை இலேசாக மடிக்கச் சொன்னார். கோட்டின் கை மணிக்கட்டு எலும்போடு நிற்கவேண்டும், அதற்குக் கீழே சேர்ட் அரை அங்குலம் தெரியவேண்டும் என்பது அவருடைய கணக்கு. கோட்டின் நீளத்துக்குக் கழுத்தடி எலும்பிலிருந்து நிலம்வரை அளந்து பாதியாக்கினார். காற்சட்டை இடுப்பை மட்டும் நான் உண்மையில் எந்த இடத்தில் பெல்ட் கட்டுவேனோ அங்கேதான் எடுத்தார். நிறையப் பேர் தொப்புளடியில் அளவு கொடுத்துவிட்டு நாலு விரல் கீழே உடுத்துகிறார்கள். பிறகு தொடைக்கு நடுவில் துணி தொங்குகிறது என்று குறை சொல்கிறார்கள்.

பத்து நாள் கழித்து, நூலோட்டம் (பிறகு பிரிக்கக்கூடிய தற்காலிகத் தையல்) மட்டும் போட்ட கோட்டை உடுத்திப் பார்க்கக் கூப்பிட்டார். கொலருக்குப் பின்னால் ஓர் இடைவெளி தெரிந்தது. ஊசி குத்தி அங்கேயே சரிசெய்தார். இந்த இரண்டாவது வரவை அலைச்சல் என்று எண்ணி விட்டுவிடாதீர்கள். மாங்குளத்திலிருந்து பஸ்ஸில் போய்வந்த அந்த அரை நாளின் பயனைத்தான் ஏழு வருடமாக அனுபவிக்கிறேன்.

வெளிநாட்டிலிருந்து அளவு அனுப்புகிறவர்களுக்கு ஒரு விசயம். சுவிஸில் இருக்கிற மச்சான் தன் கல்யாணத்துக்கு இங்கே தைக்க வட்ஸ்அப்பில் இலக்கங்களை அனுப்பினான். நெஞ்சு 106 என்று இருந்தது. சென்ரிமீற்றரை 2.54ஆல் பிரித்தால் ஏறக்குறைய 42 அங்குலம். மெலிந்த ஆளுக்கு இது எப்படி என்று வீடியோவில் கேட்டேன். தன்னிடம் இருந்த கோட்டை மேசையில் விரித்து அளந்திருக்கிறான்! அதை உடம்பின் அளவென்று எடுத்து, மேலே இன்னும் 4 அங்குலம் சேர்த்திருந்தால் சாக்குப்போல நின்றிருக்கும். உடம்பின் அளவா, உடுப்பின் அளவா என்று ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் எழுதுங்கள். தன்னைத்தானே அளக்கவும் கூடாது. கையைத் தூக்கினாலே தோளும் நெஞ்சும் மாறிவிடும். நன்றாகப் பொருந்துகிற ஒரு சேர்ட்டின் அளவையும் கூடவே அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம். மச்சான் கல்யாணத்துக்கு இரண்டு கிழமை முன்னரே வந்ததால் உடுத்திப் பார்க்கவும் நேரம் கிடைத்தது.

எங்கள் வெயிலுக்கு முதுகில் பாதி லைனிங் போதும். முழு லைனிங் போட்ட பழைய கோட்டில் நான் நனைந்துபோய்விடுவேன். மாரியில் பூஞ்சணம் பிடிக்காமல் அகலமான மரக் கொழுவியில் மாட்டி, வெயில் எறித்தால் நிழலில் காற்றாட விடுகிறேன். மற்றப்படி பராமரிப்பென்று பெரிதாக ஒன்றும் இல்லை.

இப்போது இடுப்பு இரண்டு அங்குலம் கூடிவிட்டது. காற்சட்டையின் பின் தையலுக்குள் ஐயா அப்போதே கூடுதல் துணி விட்டுத்தான் தைத்திருக்கிறார். தங்கச்சியின் கல்யாணம் தையில் வருகிறது. வருகிற சனிக்கிழமை கொண்டுபோய்ப் பிரித்துத் தைக்கக் கொடுக்கப்போகிறேன்; சேர்ட்டும் சப்பாத்தும் இப்போதே எடுத்து வைத்துவிட்டேன்.