சட்டகமின்றி நிற்கும் உலோக முகப்புகள்: மடிப்பா, பேனலா, ஓடா?

ஸ்பெயினின் பில்பாவோ நகரில் 1997-இல் திறக்கப்பட்ட குகன்ஹைம் அருங்காட்சியகத்தின் டைட்டானியத் தகடுகளுக்கு அரை மில்லிமீட்டர் தடிமன்கூடக் கிடையாது. அதன் வளைவுகளை உண்மையில் தாங்கி நிற்பது பின்னால் மறைந்திருக்கும் எஃகுச் சட்டகமே. அத்தகைய துணைச்சட்டகத்தைத் தவிர்த்து, தன் எடையையும் காற்றுச் சுமையையும் முகப்பே ஏற்றுக்கொள்ளும்படி அமைக்க இன்று மூன்று வழிகள் போட்டியிடுகின்றன. மூன்றிலும் வலிமையைத் தருவது உலோகத்தைவிட வடிவமே. சிக்கல்களோ பெரும்பாலும் இணைப்புகளில்தான் தலைதூக்குகின்றன.

மடித்த தகடு இவற்றுள் எளியது. 1 மி.மீ. எஃகுத் தகட்டை 40 மி.மீ. ஆழத்துக்கு நெளித்தால், அதன் விறைப்பு தட்டையான தகட்டைவிட ஆயிரம் மடங்குக்கும் மேல் கூடுகிறது. ஆனால் அந்த விறைப்பு மடிப்பின் நீளவாக்கில் மட்டுமே கிடைக்கும். குறுக்கே அழுத்தினால் தகடு விசிறிபோல ஒடுங்கிவிடும். அலுமினியம் எஃகின் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்றாலும், வெப்பத்தில் இரு மடங்கு விரிகிறது: 60 பாகை செல்சியஸ் வேறுபாட்டில் 6 மீட்டர் எஃகுத் தகடு சுமார் 4 மி.மீ. நீள, அலுமினியமோ 8 மி.மீ.க்கும் மேல் நீளும். ஆகவே ஓரிடத்தில் மட்டும் இறுகப் பிடித்து, மற்ற இடங்களில் நீள்துளைகளில் திருகாணியிட வேண்டும். அங்கும் ஆர்வமிகுதியால் முறுக்கி இறுக்கிவிட்டால் துளையின் ஓரம் கிழியத் தொடங்கும்.

சாண்ட்விச் பேனலில் இரு மெல்லிய தகடுகளுக்கு இடையிலுள்ள காப்புப்பொருளே சுமையில் பங்கேற்கிறது. வெப்பக்காப்பும் சேர்ந்தே கிடைப்பதால் சாதாரணக் கட்டடங்களுக்கு நான் முதலில் பரிசீலிப்பது இதைத்தான். எனினும் அடர்நிற முகப்பு இதற்குப் பகை. வெளித்தகடு 80 பாகையிலும் உள்தகடு 20 பாகையிலும் இருந்தால், இரு முனைகளில் மட்டும் தாங்கப்பட்ட, 100 மி.மீ. தடிமனுள்ள 6 மீட்டர் எஃகுப் பேனல் நடுவில் சுமார் 32 மி.மீ. வெளியே புடைக்கும். இடையில் இன்னொரு தாங்கி வைத்தால் புடைப்பு குறையும். ஆனால் அந்தத் தாங்கியின் மேல் தகடு சுருக்கம் விழும் அபாயம் வருகிறது. பாலியூரித்தேன் நுரை எடை குறைந்தது, ஆனால் எரியக்கூடியது; எரியாத பாறைக் கம்பளியோ கனமானது, அதன் இழைகள் தகடுகளுக்குச் செங்குத்தாக நிற்காவிட்டால் இரு தகடுகளையும் எதிரெதிராக நகர்த்த முயலும் சறுக்கு விசையையும் போதிய அளவு தாங்காது.

மூன்றாவது, முட்டையோட்டைப் போல இருதிசையிலும் வளைந்த மெல்லிய ஓடு. கட்டடக் கலைஞர் மார்க் ஃபோர்ன்ஸ் 2017-இல் கஜகஸ்தானின் அஸ்தானா கண்காட்சிக்காக அமைத்த 'மினிமா மேக்சிமா' 13 மீட்டர் உயரமுடையது. மூன்று அலுமினிய அடுக்குகள் சேர்ந்தும் அதன் தடிமன் 6 மி.மீ.தான். அழகில் மற்ற இரண்டும் இதன் அருகே வர முடியாது. ஆனால் அது முகப்பன்று, தனித்து நிற்கும் கலைப்படைப்பு. மழைநீரைத் தடுக்கும் கடமையோ சன்னல்களோ அதற்கு இல்லை. சன்னலுக்காக இத்தகைய ஓட்டில் துளையிட்டால் சுமை செல்லும் பாதையே அறுபடுவதால், விளிம்பைச் சுற்றி வலுவூட்ட வேண்டியிருக்கும். ஓட்டில் நசுங்கிய ஓர் உலோகப் பட்டையை மாற்றுவதற்கும் முதலில் சுற்றுப்புறத்துக்கு முட்டுக்கொடுக்க வேண்டும். நுழைவாயில் விதானத்துக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். பல மாடி முகப்புக்கு, மாடிக்கொரு இணைப்புடன், தனித்தனியே கழற்றக்கூடிய மடித்த தகட்டையே கேட்பேன்.