கூடாரம் போட எது நல்லது: கேர்ன்கார்ம்ஸா, வடமேற்கு ஹைலேண்ட்ஸா?

ஸ்காட்லாந்து மலைநாட்டில் கூடாரம் போட்டுத் தங்கி, காட்டுயிர்களைப் பார்க்க வேண்டும் என்று கிளம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் எது என்பதுதான் கேள்வியாக இருக்கும். ஒன்று, கிழக்கே இருக்கும் கேர்ன்கார்ம்ஸ் மலைத்தொகுதி. மற்றது, டாரிடன், அசின்ட் என்று கடலோரமாக நீளும் வடமேற்கு. இரண்டிலும் தங்கிப் பார்த்துவிட்டேன். கோடை விடுமுறை என்றால் இப்போதெல்லாம் கேர்ன்கார்ம்ஸ்தான் என் முடிவு.

பொதுவான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். 2003-ல் வந்த ஸ்காட்லாந்து நிலச் சீர்திருத்தச் சட்டம், திறந்தவெளி நிலத்தில் யாரும் நடக்கவும் தங்கவும் உரிமை தருகிறது. முன்அனுமதி, கட்டணம் எதுவும் இல்லை. சிறு குழுவாக இருக்க வேண்டும். ஒரே இடத்தில் இரண்டு மூன்று இரவுகளுக்கு மேல் கூடாது. வீடுகளையும் சாலையையும் விட்டுத் தள்ளிப் போக வேண்டும், குப்பையைத் திரும்ப எடுத்து வர வேண்டும். லொக் லோமண்ட் பக்கம் சில ஏரிக்கரைகளில் மட்டும் 2017 முதல் மார்ச்சிலிருந்து செப்டம்பர் வரை அனுமதிச் சீட்டு வேண்டும். நாம் ஒப்பிடும் இரண்டு பகுதிகளிலும் அந்தத் தொல்லை இல்லை.

முதுமலையிலோ வால்பாறையிலோ இப்படி நினைத்த இடத்தில் படுக்க முடியாது. யானை நடமாடும் காட்டில் அந்தத் தடை நியாயமும்கூட. ஸ்காட்லாந்தில் கரடியும் ஓநாயும் பல நூறு ஆண்டுகளுக்கு முன்பே அழிந்துவிட்டன. ராத்திரி வெளியே உட்கார எந்த மிருகத்துக்கும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் நம்மை உள்ளே விரட்டி ஜிப்பை இழுத்து மூட வைக்கும் உயிர் ஒன்று அங்கே உண்டு. மிட்ஜ் என்கிற கடிபூச்சி. என் தேர்வை முடிவு செய்ததே அதுதான்.

அதற்கு முன், வடமேற்குக்கு உரிய மதிப்பைக் கொடுத்துவிட வேண்டும். பார்க்க அழகு எது என்று கேட்டால் சந்தேகமே இல்லாமல் வடமேற்குதான். ஏறக்குறைய 300 கோடி ஆண்டுப் பழமையான பாறைத் தளம், அதன்மேல் தனித்தனியாக எழுந்து நிற்கும் மணற்கல் மலைகள், அடிவாரம் வரை வந்து நிற்கும் கடல். 731 மீட்டர்தான் உயரம் என்றாலும் சூல்வென் மலையைப் பார்த்தால் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெண்வால் கழுகுக்கும் இங்கேதான் போக வேண்டும். 1918-ல் கடைசிப் பறவையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டனிலேயே அது இல்லாமல் போயிருந்தது. 1975-ல் தொடங்கி நார்வேயிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து ரம் தீவில் விட்டார்கள், பிறகு வடமேற்குக் கரையிலும் விட்டார்கள். இன்று அது தலைக்கு மேல் பறப்பதைப் பார்க்கும்போது அந்த உழைப்பின் மேல் பெரிய மரியாதை வருகிறது. கடலோர நீர்நாய்கள் வெளிச்சத்தைவிட அலையின் ஏற்ற இறக்கத்தைப் பார்த்து வேட்டையாடுபவை. அதனால் அவற்றை நல்ல பகலிலேயே பார்த்துவிடலாம்.

மற்ற பெரும்பாலான உயிர்களுக்கு விடியலும் அந்தியும்தான் நேரம். செம்மான்கள் மேட்டிலிருந்து இறங்குவதும், ஏரியில் டைவர் பறவைகள் குரல் கொடுப்பதும், முயல் வெளியே வருவதும் அப்போதுதான். ஜூனில் அங்கே சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகும், நாலரைக்கு முன்பே மறுபடி உதித்துவிடும். இடையில் முழு இருட்டே கிடையாது. வனவிலங்கு பார்ப்பவர்களுக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் மிட்ஜுக்கும் பிடித்தமானது அதே மங்கிய வெளிச்சம்தான். அந்தி எவ்வளவு நீள்கிறதோ அவ்வளவு நேரம் அதுவும் கடிக்கும்.

கொசுவைவிட மிகச் சிறியது, ஆனால் தனியாக வராது. கடிப்பது பெண் பூச்சி மட்டும்தான். கடித்தவுடன் அது வெளியிடும் மணம் சுற்றியுள்ளவற்றையும் அழைத்துவிடும். ஈரமான கரிச்சதுப்பு மண்ணில்தான் அதன் புழு வளரும். மேற்கு மலைகளில் சில இடங்களில் ஆண்டுக்கு 3000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது, நிலமும் பெரும்பாலும் சதுப்பு. அது பெருக இதைவிட வசதியான இடம் கிடையாது. மே கடைசியில் தொடங்கி செப்டம்பர் வரை இருக்கும், ஜூலை, ஆகஸ்டில் உச்சம்.

முகவலை போட்டுக்கொள்ளலாம், ஸ்மிட்ஜ் மாதிரியான பூச்சி விரட்டி பூசலாம். நடந்துகொண்டே இருந்தால் இவை போதும். ஆனால் விலங்கு பார்ப்பது என்பதே அசையாமல் உட்காருவதுதானே! பைனாகுலரைக் கண்ணில் வைக்க வலையைத் தூக்க வேண்டும், தூக்கிய கணமே இமையில் உட்கார்ந்துவிடும். அப்புறம் சமையல். அடுப்பைக் கூடாரத்து வாசலுக்குள் இழுத்துக்கொண்டு ஜிப்பைப் போட்டுக்கொள்ளத் தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். மூடிய கூடாரத்தில் கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் சேர்ந்து ஆளைக் கொல்லும். காற்றில்லாத ஜூலை மாலையில் டாரிடன் பள்ளத்தாக்கில் தங்கினால், ஆகக் கடைசியில் விலங்குகள் வெளியே, நாம் உள்ளே என்றுதான் ஆகிறது. அவ்வளவு தூரம் போனதே எதற்காக?

மிட்ஜுக்கு ஒரே ஒரு பலவீனம் உண்டு. மணிக்குச் சுமார் 11 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசினால் அதனால் பறக்க முடியாது. கேர்ன்கார்ம்ஸ் ஜெயிப்பது இந்த இடத்தில்தான்.

பிரிட்டனின் மிக உயரமான ஆறு சிகரங்களில் ஐந்து இங்கே இருக்கின்றன. பென் மக்டூயி மட்டும் 1309 மீட்டர். ஆனால் கூர்மையான சிகரங்களாக இல்லாமல், மேலே பரந்த மேட்டுச் சமவெளியாக இருப்பதுதான் இதன் தனித்தன்மை. லொக் எட்சகான் ஏரி 900 மீட்டருக்கு மேல் கிடக்கிறது. அந்த உயரத்தில் சரளைக்கல்லும் பாசியும் குட்டைப்புல்லும்தான் அதிகம், பெரும்பாலான நாட்களில் காற்றும் இருக்கும். கீழே கிளென்மோர், ராத்திமர்க்கஸ் பைன் காடுகளில் மிட்ஜ் இல்லை என்று சொல்ல மாட்டேன், நன்றாகவே உண்டு. மேலே ஏறிவிட வேண்டும், அதுதான் விஷயம்.

மேலே என்ன கிடைக்கும்? ஆர்க்டிக் பகுதிக்கு உரிய உயிர்கள் பிரிட்டனில் இந்த அளவுக்கு வேறெங்கும் சேர்ந்து கிடைப்பதில்லை. குளிரில் வெள்ளையாகவும் கோடையில் கல்லின் நிறத்திலும் மாறும் டார்மிகன் பறவை, நாம் பத்தடி நெருங்கும்வரை கல்லாகவே இருக்கும். உப்புக்கொத்தி இனத்தைச் சேர்ந்த டாட்டரலில் பெண்ணுக்குத்தான் பளிச்சென்ற நிறம். முட்டையை அடைகாப்பது ஆண். வெள்ளையும் கறுப்புமாய்ப் பறக்கும் ஸ்னோ பன்டிங் என்ற சிறு பறவை, மலை முயல், 1952-ல் மிக்கேல் உட்சி என்ற, ஸ்வீடனின் ‘சாமி’ பழங்குடி மேய்ப்பர் கொண்டுவந்த ரெயின்டீர்களின் (பனிமான்களின்) வழிவந்த மந்தை எல்லாம் உண்டு. அந்த மந்தை இன்றும் வேலியில்லாமல் மேய்கிறது. கூடாரத்துக்குப் பக்கத்திலேயே வந்து நிற்கும். உணவு மட்டும் கொடுக்கக் கூடாது.

நெருங்கிப் பார்க்க முடிகிற இடம் என்பதாலேயே இங்கே பொறுப்பும் கூடுகிறது. இந்தப் பறவைகள் எல்லாம் தரையிலும் கல்லிடுக்கிலும் கூடு வைப்பவை. காலடியில் ஒரு பறவை சிறகு முறிந்ததுபோல இழுத்துக்கொண்டு ஓடினால், அது நம் கவனத்தைத் திருப்பப் பார்க்கிறது, கூடு பக்கத்தில் இருக்கிறது என்று பொருள். வந்த வழியே திரும்பி, வேறு இடம் பாருங்கள். டாட்டரல் கூட்டைத் தெரிந்தே தொந்தரவு செய்வது சட்டப்படியும் குற்றம். சிந்திய சோறோ ரொட்டித் துண்டோ காக்கையை மேலே வரவழைக்கும், வந்த காக்கை முட்டையைத் தின்னும். இதை நான் ரொம்பவே வற்புறுத்திச் சொல்வேன்.

சரி, காற்று நமக்கு நண்பன் என்றால், எந்த அளவுக்கு? கேர்ன்கார்ம் உச்சியில் 1986 மார்ச் 20 அன்று மணிக்கு 173 மைல் வேகக் காற்று பதிவானது. கோடையில் அந்த அளவு வராது. ஆனாலும் ஜூனில்கூட அங்கே பனி விழலாம். மேகம் இறங்கினால் எந்தப் பக்கம் செங்குத்துச் சரிவு என்று தெரியாது. வரைபடமும் திசைகாட்டியும் பார்க்கத் தெரியாதவர்கள் மேட்டில் தங்கக் கூடாது. விலை குறைந்த, உயரமான குடும்பக் கூடாரம் இங்கே நிற்காது. தாழ்வான, கம்பிகள் குறுக்கே கோக்கும் வகைதான் வேண்டும். சரளையில் முளை இறங்காத இடங்களில் கயிற்றைக் கல்லில் கட்டத் தெரிந்திருக்க வேண்டும். வானிலை அறிக்கையில் உச்சிக்கான காற்று வேகம் மணிக்கு 40 மைலைத் தாண்டினால் நான் மேலே போவதில்லை. கிளென் டெரி பள்ளத்தாக்குப் பக்கம் இறங்கித் தங்கி, மிட்ஜைப் பொறுத்துக்கொள்கிறேன்.

போக்குவரத்திலும் கேர்ன்கார்ம்ஸ் எளிது. லண்டனிலிருந்து இரவு ரயிலில் ஏறினால் காலையில் கேர்ன்கார்ம்ஸுக்குப் பக்கத்து ஊரான ஏவிமோர். அங்கிருந்து மலையடிவாரம் வரை பஸ் போகிறது. சமையல் வாயுக் குப்பியையும் ஏவிமோரிலேயே வாங்கிக்கொள்ளலாம். வடமேற்குக்குக் கார் இல்லாமல் போவது சிரமம்.

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். வடமேற்கில் நான் தங்கியதெல்லாம் கோடையில். மிட்ஜ் கிளம்புவதற்கு முந்தைய ஏப்ரல், மே மாதங்களில் அங்கே தங்கிய அனுபவம் எனக்கு இல்லை. அந்த மாதங்களில் கேர்ன்கார்ம் மேட்டில் பனி நிறையக் கிடக்கும் என்பதால், அப்போதுதான் விடுப்பு கிடைக்கும் என்பவர்களுக்கு வடமேற்கையே சொல்வேன். நீர்நாயும் வெண்வால் கழுகும் மட்டும் போதும் என்பவர்களுக்கும் அப்படித்தான். கடலை ஒட்டி, காற்று படும் முனையில் கூடாரத்தைப் போடுங்கள். ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான் முடியும், அந்தியில் வெளியே உட்கார்ந்து பார்க்கவும் வேண்டும் என்றால், ஏவிமோருக்கு டிக்கெட் எடுத்துவிடுங்கள்.